புராசஸர் செய்த பிழை, கெர்னல் கட்டும் அபராதம்

2025 செப்டம்பர் 28 அன்று லினக்ஸ் கெர்னலின் 6.17ஆம் பதிப்பு வெளியானது. ஒவ்வொரு பதிப்பிலும் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வருவது வழக்கம்தான். ஆனால் இந்தப் பதிப்பில் வந்த ஒரு மாற்றத்தைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏஎம்டி நிறுவனப் பொறியாளர் டேவிட் கப்லான் எழுதிய அந்த மாற்றம், கணினியை நிர்வகிப்பவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது. உங்கள் கணினிக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும்? சாதாரணப் பயனரிடமிருந்து கெர்னலுக்கா, ஒரு பயனரிடமிருந்து இன்னொரு பயனருக்கா, வாடகைக்கு விட்ட மெய்நிகர் கணினியிடமிருந்து அதைத் தாங்கி நிற்கும் தாய்க் கணினிக்கா? வேண்டாதவற்றை அணைத்துவிடலாம். அணைத்தால் கணினி கொஞ்சம் வேகமாக ஓடும்.

பாதுகாப்பை அணைத்துக்கொள்ளும் வசதியை இயங்குதளத்தை எழுதியவர்களே ஏன் செய்து கொடுக்க வேண்டும்? அதற்கு விடை தேடினால், நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் போய் நிற்கிறோம்.

லினக்ஸ் நமக்கு எதற்கு என்று யாரும் இதைக் கடந்து போய்விட வேண்டாம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி; புராசஸர், நினைவகம், டிஸ்க் ஆகியவற்றுக்கும் நாம் தொட்டுப் பயன்படுத்தும் ஆப்களுக்கும் இடையில் நின்று, யார் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிப்பது அதுதான். நம் வீட்டிலுள்ள ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கெர்னல். நாம் பார்க்கும் இணையதளங்களில் பெரும்பகுதி லினக்ஸ் சர்வர்களிலிருந்துதான் வருகிறது. விண்டோஸ், ஆப்பிள் கணினிகளுக்கும் அவற்றுக்கே உரிய கெர்னல்கள் உண்டு. இந்தப் பிரச்சினை அத்தனை பேரையும் ஒருசேரப் பிடித்த பிரச்சினை.

கேட்பதற்கு முன்பே ஆற்றிய டீ

வழக்கமான வாடிக்கையாளர் தெருமுனையில் திரும்பும்போதே, நல்ல டீ மாஸ்டர் அவருக்கான சர்க்கரை கம்மி டீயைப் போட ஆரம்பித்துவிடுவார். அவர் வந்து உட்கார்ந்து வாய் திறந்து சொல்லும்வரை காத்திருப்பதில்லை. பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருக்கும், நேரம் மிச்சம். எப்போதாவது அந்த ஆள் கடைக்குள் வராமல் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டால் டீயைக் கீழே ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

புராசஸர்களும் இதைத்தான் செய்கின்றன. நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்து சேருவதற்குள் புராசஸர் நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிட முடியும். சும்மா காத்திருப்பது வீண் என்பதால், முந்தைய அனுபவத்தை வைத்து அடுத்து எந்த வழியில் போக வேண்டியிருக்கும் என்று ஊகித்து, அந்த வேலையை முன்கூட்டியே செய்து வைக்கிறது. இதைத்தான் ஊகச் செயலாக்கம் என்கிறோம். ஊகம் சரியென்றால் லாபம். தவறென்றால் செய்த வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல் சரியான வழிக்குத் திரும்பிவிடும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து புராசஸர்களின் வேகம் கூடியதில் இந்த உத்திக்குப் பெரும் பங்கு உண்டு.

‘எதுவுமே நடக்காதது போல்’ என்பதில்தான் ஓட்டை. டீயைக் கீழே ஊற்றினாலும் கிளாஸ் சூடாகத்தானே இருக்கும்? கடைக்குள் வரும் மூன்றாம் ஆள் அந்தக் கிளாஸைத் தொட்டுப் பார்த்தால் இங்கே ஒரு டீ போடப்பட்டது என்று தெரிந்துகொள்வார். புராசஸரில் அந்தக் கிளாஸின் பெயர் கேச். அண்மையில் தொட்ட தரவை வைத்துக்கொள்ளும் சிறிய, மிக வேகமான நினைவகம் அது. கேச்சில் இருக்கும் தரவு உடனே வரும், இல்லாதது தாமதமாக வரும். அந்த நேர வித்தியாசத்தை அளந்தால் போதும்.

மெல்ட்டவுன் என்று பெயரிடப்பட்ட தாக்குதல் வேலை செய்யும் விதத்தை இப்படிச் சொல்லலாம். திருட நினைக்கும் நிரல், 0 முதல் 255 வரை எண்ணிட்ட 256 கிளாஸ்களை வரிசையாக, ஆறிய நிலையில் அடுக்கி வைக்கிறது. பிறகு கெர்னலின் நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத ஒரு பைட்டைப் படிக்கச் சொல்லி, அதில் என்ன எண் இருக்கிறதோ அந்த எண்ணுள்ள கிளாஸைத் தொடும்படி கட்டளை கொடுக்கிறது. இந்த ஆளுக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்ற சோதனை முடிவதற்குள் பாதிக்கப்பட்ட புராசஸர் அந்தப் பைட்டைப் படித்து, கிளாஸையும் தொட்டுவிடுகிறது. பின்னால் சோதனை முடிகிறது. உரிமை இல்லை என்று தெரிகிறது. வேலை ரத்து செய்யப்படுகிறது. ஆனால் 256இல் ஒரே ஒரு கிளாஸ் சூடாக இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் அந்த இரகசிய எண் கைக்கு வந்துவிடும். இதை மீண்டும் மீண்டும் செய்து, நொடிக்கு ஏறத்தாழ 500 கிலோபைட் வரை படிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடவுச்சொல், திறவுச்சாவி, பக்கத்தில் ஓடும் இன்னொரு நிரலின் தரவு என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஸ்பெக்டர் இதன் உடன்பிறப்பு, ஆனால் இன்னும் பிடிவாதமானது. அது கெர்னலின் கதவை நேரடியாகத் தட்டாது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஊகிக்கும் பகுதிக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து, கெர்னலே அல்லது பிறருடைய நிரலே தன் இரகசியத்தைத் தொட்டுச் சூடாக்கும்படி செய்துவிடும்.

ஏழு மாத மௌனம்

கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் என்ற இளைஞர் இந்த ஓட்டைகளைக் கண்டறிந்து, 2017 ஜூன் 1 அன்று இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் நிறுவனங்களுக்குத் தெரிவித்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜெர்மனியின் சைபெரஸ் நிறுவனத்தார், பால் கோச்சர் என்ற குறியாக்க வல்லுநர் ஆகியோரும் தனித்தனியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2018 ஜனவரி 9 அன்று எல்லோரும் சேர்ந்து அறிவிப்பது என்பது திட்டம்.

இடைப்பட்ட ஏழு மாதங்களில் யாருக்குச் சொன்னார்கள், யாருக்குச் சொல்லவில்லை என்பதுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. மைக்ரோசாஃப்ட், அமேசான், ஆப்பிள் போன்ற பெரிய நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழுவுக்கு டிசம்பர் இறுதியில்தான் தகவல் போனது. ஓபன்பிஎஸ்டி குழுவுக்குச் சொல்லவே இல்லை. அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழுவுக்கும் செய்தி வெளியாகும்வரை தெரிவிக்கவில்லை என்று இன்டெல் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது. லினக்ஸ் உலகத்துக்குள்ளேயே, ரெட் ஹாட், சூசே, கேனானிகல் நிறுவனத்தாரிடம் தனித்தனியாகச் சொல்லி, ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள் என்று மூத்த கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2018 ஆகஸ்டில் வான்கூவரில் நடந்த மாநாட்டில் வெளிப்படையாகக் குறை சொன்னார். நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத, தன்னார்வலர்களால் நடக்கும் டெபியன் போன்ற இயங்குதளங்களை நம்பியிருப்பவர்களோ இந்த ஏற்பாட்டின் கணக்கிலேயே வரவில்லை.

ஓட்டையை அடைக்கும்வரை இரகசியம் காப்பது நியாயம்தான். அதை நாம் மறுக்கவில்லை. வீட்டுப் பூட்டு கெட்டுப்போனதை யாரும் தெருவில் நின்று கூவ மாட்டார்கள். ஆனால் தெருவிலுள்ள எல்லா வீட்டிலும் அதே பூட்டுதான் என்னும்போது, பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் காதோடு சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

இரகசியமும் கடைசியில் நிற்கவில்லை. காரணம் வேடிக்கையானது. லினக்ஸ் வளர்ச்சி முழுவதும் திறந்த வெளியில் நடக்கிறது. கெர்னலின் நினைவக அமைப்பையே மாற்றும் ஒரு பெரிய பேட்ச், வழக்கமாகப் பல மாதங்கள் விவாதிக்கப்பட வேண்டியது, டிசம்பர் விடுமுறைக் காலத்தில் அவசர அவசரமாக நுழைவதைப் பலரும் கவனித்தார்கள். டிசம்பர் 26 அன்று ஏஎம்டி பொறியாளர் ஒருவர், தங்கள் புராசஸர்களுக்கு இது தேவையில்லை, ஏனெனில் உரிமையில்லாத நினைவகத்தை அவை ஊகமாகக்கூடத் தொடுவதில்லை என்று விளக்கி ஒரு பேட்ச் அனுப்பினார். அந்த விளக்கத்திலேயே முழுக் கதையும் இருந்தது. ஜனவரி 2 அன்று தி ரெஜிஸ்டர் செய்தித்தளம் எழுதிவிட்டது. அறிவிப்பு 3ஆம் தேதிக்கு முன்தள்ளப்பட்டது.

அலமாரியை வேறு வீட்டுக்கு மாற்றிய கதை

புராசஸரில் உள்ள பிழையைக் கெர்னல் எப்படிச் சரிசெய்யும்? சரிசெய்யாது. சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

மெல்ட்டவுனுக்கு முன்பு, கெர்னலின் நினைவகம் ஒவ்வொரு நிரலின் முகவரிப் பட்டியலுக்குள்ளும் இருந்தது. பூட்டிய அலமாரியை வரவேற்பறையிலேயே வைத்திருப்பது போல. சாவி வீட்டுக்காரரிடம்தான் இருக்கும். ஆனால் அடிக்கடி எடுக்க வேண்டியிருப்பதால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேகம். பூட்டு சோதிக்கப்படுவதற்கு முன்பே உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறது என்று தெரிந்தபின் அலமாரியையே வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். நிரல் ஓடும்போது கெர்னலின் முகவரிகளில் கிட்டத்தட்ட எதுவும் பட்டியலிலேயே இருக்காது. கெர்னலிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முழுப் பட்டியலையும் மாற்றி, வேலை முடிந்ததும் மறுபடியும் மாற்ற வேண்டும். ஃபைல் திறப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது என ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நடை போய்வரும் செலவு. கிராஸ் ஆய்வாளர்கள் 2017 கோடையில் வேறொரு காரணத்துக்காக வெளியிட்ட கைஸர் என்ற யோசனையிலிருந்து பிறந்தது இது. 2018 ஜனவரி 28இல் வெளியான 4.15ஆம் பதிப்பில் முறைப்படி இடம்பெற்றது. பழைய 32 பிட் கணினிகளுக்கு இதே பாதுகாப்பு 4.19ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதாவது மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள், பழைய கணினி வைத்திருந்தவர்கள்.

இதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. கெர்னலை அரிதாகக் கூப்பிடும் நிரலுக்குத் தெரியவே தெரியாது. நெட்ஃபிளிக்ஸில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் தங்கள் சர்வர்களில் 0.1 முதல் 6 சதவீதம் வரை இழப்பை எதிர்பார்ப்பதாக அப்போதே எழுதினார். நூறு சர்வர் வைத்திருப்பவருக்கு 6 சதவீதம் என்றால் ஆறு சர்வர் காணாமல் போனதற்குச் சமம். மின்கட்டணம் மட்டும் குறையாது.

ஸ்பெக்டருக்கு இப்படி ஒரே அடியில் முடியும் வைத்தியம் இல்லை. இன்டெல் தந்த மைக்ரோகோட், அதாவது புராசஸருக்குள் ஏற்றும் சிறு நிரல், வேலையை மந்தமாக்கியது. போதாததற்கு சில கணினிகள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. ஜனவரி 22 அன்று, அதை நிறுவ வேண்டாம் என்று இன்டெல்லே சொல்ல வேண்டி வந்தது. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வாரம், இன்டெல்லின் அணுகுமுறையை ஒட்டி எழுதப்பட்ட பேட்ச்களைக் குப்பை என்று திட்டித் தீர்த்தார். அவர் கோபத்துக்குப் பேர்போனவர். ஆனாலும் அந்த முறை விஷயம் அவர் பக்கம்தான் இருந்தது.

கெர்னல்காரர்கள் கையில் எடுத்தது கூகுளின் பால் டர்னர் கண்டுபிடித்த ரெட்போலின் என்ற உத்தி. ஊகிக்கும் பகுதியை ஏமாற்றிக் கெட்ட இடத்துக்கு அனுப்ப முடியுமென்றால், நாமே அதை முந்திக்கொண்டு ஏமாற்றி, ஒரு பயனற்ற வட்டத்துக்குள் சுற்றவிட்டுவிடலாம் என்பதே அதன் சாரம். கெர்னலில் அந்த வகைத் தாவல் உள்ள இடங்களையெல்லாம் திரும்பு என்ற கட்டளையாக மாற்றி எழுதினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. செலவும் குறைவு.

நான்கரை ஆண்டுகள் நின்றது. 2022 ஜூலையில் சூரிச்சிலுள்ள இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெட்பிளீட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். பாதுகாப்பானது என்று நம்பிய அந்தத் திரும்பு கட்டளையையே சில இன்டெல், ஏஎம்டி புராசஸர்களில் ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். மறுபடியும் பேட்ச். ஏஎம்டியில் 14 சதவீதம், இன்டெல்லில் 39 சதவீதம் வரை கூடுதல் சுமை என்று அந்த ஆய்வாளர்களே அளந்து சொன்னார்கள்.

இடையில் வந்தவற்றையெல்லாம் விரிவாகச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. 2018 ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ. 2019 மே மாதம் எம்டிஎஸ் வந்தபோது, ஒரே கோரில் இரண்டு வேலைகளை ஓட்டும் ஹைப்பர்-த்ரெடிங் வசதியைக் குரோம் ஓஎஸ்ஸில் கூகுள் அணைத்தே விட்டது. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 40 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்று ஆப்பிள் எச்சரித்தது. ஓராண்டுக்கு முன்பே, 2018 ஜூனில், இதே வசதியை இன்டெல் கணினிகளில் அணைத்தவர்கள், யாரும் தகவல் சொல்லாத அந்த ஓபன்பிஎஸ்டி குழுவினர்தான். 2023 ஆகஸ்டில் டவுன்ஃபால்: இன்டெல்லின் ஆறாம் தலைமுறை முதல் பதினோராம் தலைமுறை வரை. சில வகை வேலைகளில் 50 சதவீதம் வரை இழப்பு வரலாம் என்று இன்டெல்லே சொன்னது. 2025 மே மாதம் ஒன்பதாம் தலைமுறையிலிருந்து எல்லா இன்டெல் புராசஸர்களையும் தொடும் இன்னொன்று. 2025 செப்டம்பரில் விஎம்ஸ்கேப். மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்தவர் அதைத் தாங்கும் மென்பொருளின் இரகசியத்தைப் படிக்கும் வழி. கடைசியாகச் சொன்ன இதற்கான கெர்னல் திருத்தம் பொதுவான வேலைகளில் 1 சதவீதம் அளவே செலவு வைத்தது என்பது ஆறுதல்.

வைத்தியமே நோயானதும் உண்டு. 64 பிட் விண்டோஸ் 7க்கு 2018 ஜனவரியில் வந்த மெல்ட்டவுன் திருத்தத்தில் ஒரு தவறு நேர்ந்து, எந்த நிரலும் முழு நினைவகத்தையும் படிக்கவும் எழுதவும் முடியும் என்ற நிலை வந்தது. அது மார்ச்சில் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. அவசரத்தில் எழுதிய கெர்னல் குறியீடு எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

விலை கொடுப்பவர் யார்?

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் கடன் வாங்கியோ சேமித்தோ ஒரு லேப்டாப் வாங்குகிறார். அதன் வேகத்தைக் காட்டித்தான் விற்றார்கள். அந்த வேகத்தின் ஒரு பகுதி, சோதனை முடிவதற்கு முன்பே வேலையைச் செய்ததால் வந்தது என்று பின்னர் தெரிகிறது. திருத்தம் வருகிறது, வேகம் குறைகிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. கார் பிரேக்கில் கோளாறு என்றால் நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருகிறது. புராசஸரைத் திரும்ப அழைக்கும் வழக்கம் இங்கே வரவில்லை.

வாங்கியவர்கள் நீதிமன்றம் போகாமல் இல்லை. 2018 பிப்ரவரிக்குள்ளேயே தன்மீது 32 வழக்குகள் தொடுக்கப்பட்டிருப்பதாக இன்டெல் தன் ஆண்டறிக்கையில் தெரிவித்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட நுகர்வோர் வழக்கு 2022இல் தள்ளுபடியானது. டவுன்ஃபால் வந்ததும் 2023 நவம்பரில் கலிஃபோர்னியாவில் இன்னொரு வழக்கு தொடுக்கப்பட்டது.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1995இல் புராசஸரை வடிவமைத்தவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கிளாஸின் சூட்டை வைத்துத் திருடுவார்கள் என்று அப்போது அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அது உண்மைதான். ஆனால் 2017 ஜூனுக்குப் பிறகு விற்ற ஒவ்வொரு புராசஸருக்கும் அந்த வாதம் பொருந்தாது என்றே நாம் கருதுகிறோம். தெரிந்த பின்பும் பழைய வேகக் கணக்கைக் காட்டியே விற்றார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 6.17இன் அந்தப் புதிய வசதியைப் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் கெர்னலுக்குள் சேர்ந்த தடுப்புகள் அத்தனை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெயர், தனித்தனி விசை. அனுபவமுள்ள நிர்வாகிக்கே எது எதற்கு என்று தெரியாத நிலை. பெயர்களை விட்டுவிட்டு, யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பது நேர்மையான அணுகுமுறை. தனியொருவர் மட்டும் பயன்படுத்தும், வெளியார் நிரல் எதையும் ஓட்டாத ஆய்வகக் கணினிக்கு மெய்நிகர் வாடகைதாரரைப் பற்றிய பயம் தேவையில்லை. அதற்கான செலவையும் சுமக்க வேண்டியதில்லை. எதையும் சொல்லாமல் விட்டால் எல்லாத் தடுப்பும் இயங்கும் என்பதும் சரியான முடிவு.

சிக்கல் வேறொரு இடத்தில். விசை யார் கையில் இருக்கிறதோ, இரகசியம் அவருடையதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகள், மருத்துவமனை அறிக்கைகள், வங்கிக் கணக்கு எல்லாம் இன்று யாரோ ஒருவரின் வாடகை சர்வரில் இருக்கின்றன. அங்கே ஒரே புராசஸரை முன்பின் தெரியாத பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதில் கவனமாகவே இருக்கின்றன. அவர்களுடைய தொழிலே அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. குறைந்த விலைக்கு இடம் விற்கும் சிறிய நிறுவனம் ஒன்று, வேகம் கூட்டுவதற்காகத் தடுப்பை அணைத்தால் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? தெரிய வழியில்லை. இந்த வகைத் தாக்குதல் வழக்கமான பதிவேடுகளில் தடயமும் விடாது.

இந்த ஓட்டைகள் வழியாகப் பொதுமக்களிடம் பெருந்திருட்டு எதுவும் உறுதிப்படுத்தப்படவில்லையே, பிறகு ஏன் இத்தனை செலவு என்று கேட்பவர்கள் உண்டு. அடைக்கப்பட்ட ஓட்டை வழியாகத் திருடன் வரவில்லை என்பதை அடைப்பு தேவையில்லை என்பதற்குச் சான்றாக எடுக்க முடியாது. அதேசமயம் எல்லாத் தடுப்பும் எல்லா இடத்திலும் என்றென்றும் வேண்டும் என்பதும் சரியல்ல. உபுண்டுவை வெளியிடும் கேனானிகல் நிறுவனமும் இன்டெல்லும் 2025இல் கிராஃபிக்ஸ் கணக்கீட்டு மென்பொருளில் இருந்த சில ஸ்பெக்டர் தடுப்புகளை, கெர்னலே அந்த வேலையைச் செய்கிறது என்பதால், ஆராய்ந்து விலக்கி 20 சதவீதம் வரை வேகத்தை மீட்டன. ஆராய்ந்து விலக்குவது வேறு, எவரோ சொன்னார் என்று அணைப்பது வேறு.

நம் வீட்டுக் கணினியில்

இரண்டாவது வகை நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு, ஒரு வரியை மாற்றினால் கணினி பறக்கும் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். லினக்ஸில் 2019இல் வந்த ஒரே ஒரு விசை எல்லாத் தடுப்பையும் ஒரே அடியில் அணைத்துவிடும்; விண்டோஸிலும் அதற்கு வழியுண்டு. அதே கணினியில்தான் அப்பா நெட் பேங்கிங் பார்க்கிறார். நாம் திறக்கும் ஒவ்வொரு இணையப் பக்கமும் தன்னுடன் ஒரு நிரலைக் கொண்டுவந்து நம் புராசஸரில் ஓட்டுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2021இல் கூகுளே இணையப் பக்கத்தின் வழியாக ஸ்பெக்டர் தாக்குதலைச் செய்து காட்டியது. 2023 அக்டோபரில் ஆப்பிளின் சஃபாரி உலாவியிலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலாவிகளில் இதற்கெனத் தனித் தடுப்புகள் இருக்கின்றன. உலாவியைப் புதுப்பித்து வைப்பதன் பயன் அதுதான்.

அடுத்தது பழைய லேப்டாப். சென்னை ரிச்சி தெரு முதல் ஆன்லைன் கடைகள் வரை, ஆறாம் ஏழாம் தலைமுறை இன்டெல் புராசஸர் உள்ள கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. படிக்கும் பிள்ளைக்கு என்று வாங்குகிறோம். வாங்குவதில் தவறில்லை. ஆனால் டவுன்ஃபால் பட்டியலில் இருப்பவை அவை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. திருத்தம் வராத கெர்னலில் புதிய ஓட்டை அப்படியே கிடக்கும். இத்தகைய கணினிக்கு, புதுப்பித்தல் தொடரும் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பது நல்ல வழி. அதைவிடப் பழைய கோர் 2 கால இன்டெல் கணினிகளில் பலவற்றுக்கு ஸ்பெக்டருக்கான மைக்ரோகோட் தரப்போவதில்லை என்று நிறுவனம் 2018 ஏப்ரலிலேயே கைவிரித்துவிட்டது. அவற்றில் பணப் பரிமாற்றம் செய்யாமல் இருப்பதே நல்லது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆர்ம் கார்டெக்ஸ் ஏ53 என்ற எளிய கோரை மட்டுமே கொண்ட விலை குறைந்த போன்களையும், ராஸ்பெர்ரி பை 3 போன்ற சின்னஞ்சிறு கணினிகளையும் மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் தொடவில்லை. வாடிக்கையாளர் வந்து சொல்லும்வரை காத்திருக்கும் மாஸ்டர் அவர். அவசரப்பட்டு அந்த அளவுக்கு முன்னே ஓடும் திறமை அவருக்குக் கிடையாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் கணினியின் நிலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்ற கட்டளையைக் கொடுத்தால், கடைசிப் பகுதியில் ஒவ்வொரு ஓட்டையின் பெயரும், இந்தப் புராசஸரை அது பாதிக்குமா, தடுப்பு இயங்குகிறதா என்பதும் வரிசையாக வரும். ஏதாவது ஒரு வரியில் பாதிக்கப்படும், மைக்ரோகோட் இல்லை என்று இருந்தால், கெர்னல் தன் பங்குக்குத் தயாராக இருந்தும் புராசஸருக்கான நிரல் வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலான லினக்ஸ் இயங்குதளங்களில் இன்டெல், ஏஎம்டி மைக்ரோகோட் தனித் தொகுப்பாகக் கிடைக்கிறது. அதை நிறுவி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அதே கட்டளையை மீண்டும் கொடுத்து அந்த வரி மாறியிருக்கிறதா என்று பார்க்கவும்.